கேட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

இன்று ஆகஸ்ட் 17. எனக்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை நடந்து 2 வருடம் முடிகிறது. இந்த 2 வருடத்தில் பலர் இன்பாக்ஸில் கேட்ட கேள்விகள் மூன்று. "ஆபரேஷன் எப்படி இருந்தது டீச்சர்?" "யாரோட செல்லை வச்சாங்க?" "எத்தனை நாள்ல சரியாச்சு?" முதல் இரண்டுக்கும் பதில் சின்னது. மூன்றாவதுக்காகத்தான் இந்தப் பதிவு.

எனக்கு வந்தது மல்டிபிள் மைலோமா. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்களில் வரும் ஒரு வகைப் புற்றுநோய். முதுகு வலியில் ஆரம்பித்தது. 35 வருடம் கரும்பலகை முன்னால் நின்றவளுக்கு முதுகு வலிக்காமல் இருந்தால்தான் அதிசயம் என்று எல்லோரும் சொன்னார்கள். தைலம், பெல்ட், பிசியோதெரபி எல்லாம் ஆனது. கடைசியில் ஒரு ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.8 என்று வந்த பிறகுதான் ஒரு டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 2023 பிப்ரவரியில் நோய்க்குப் பெயர் கிடைத்தது. ஜூலை வரை வயிற்றில் போடும் ஊசியும் மாத்திரைகளும். ஆகஸ்டில் மாற்று சிகிச்சை.

இது ஆபரேஷன் இல்லை. கத்தி கிடையாது, தையல் கிடையாது. எனக்கு யாரும் எதையும் தானம் தரவும் இல்லை. என் செல்களையே எடுத்து எனக்கே திருப்பிக் கொடுத்தார்கள். சில நாள் ஊசி போட்டு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைப்பார்கள். பிறகு ஒரு இயந்திரம் நாலைந்து மணி நேரம் ரத்தத்தைச் சுற்றவிட்டு, அந்த செல்களை மட்டும் பிரித்து எடுக்கும். அதன் பிறகு மெல்ஃபலான் என்ற மருந்தைப் பெரிய அளவில் ஏற்றுவார்கள். அது நோய் செல்லையும் அழிக்கும், நல்ல மஜ்ஜையையும் சேர்த்து அழிக்கும். அப்படிக் காலியான இடத்தில் மறுபடி பயிர் வைக்கத்தான், முன்பே எடுத்து வைத்த ஸ்டெம் செல்கள். விதைநெல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றுக்குப் பெரும்பாலும் வேறொருவரின் செல் தேவைப்படும். அது இன்னும் கடினமான பாதை. நம் நாட்டில் இந்தச் சிகிச்சை புதிதல்ல. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் 1983-இல் ஒரு சிறுமிக்கு அவள் சகோதரனின் மஜ்ஜையைக் கொடுத்து வெற்றி கண்டார்கள். நம் வேலூர் சி.எம்.சி.யில் 1986-இல் தொடங்கினார்கள். இந்த முறைக்கு அடித்தளம் போட்ட அமெரிக்க டாக்டர் டொனால் தாமஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1990-இல்தான். அதாவது அவருக்குப் பரிசு கிடைப்பதற்கு முன்பே வேலூரில் இந்த வேலை நடந்துகொண்டிருந்தது. படுக்கையில் கிடந்தபோது இதைப் படித்து எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

எனக்கு மெல்ஃபலான் ஏற்றியது ஆகஸ்ட் 15 காலை. வாய்ப்புண் வராமல் இருக்க, மருந்து ஏறும் நேரம் முழுக்க ஐஸ் கட்டியை வாயில் வைத்திருக்கச் சொன்னார்கள். 35 சுதந்திர தினங்களில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த கைக்கு அன்று ஒரு டம்ளர் ஐஸ்தான். டிவியில் கொடியேற்றம் ஓடியது.

17-ஆம் தேதி செல்களைத் திருப்பி ஏற்றினார்கள். அதை 'நாள் பூஜ்யம்' என்கிறார்கள். நான் ஏதோ பெரிதாக எதிர்பார்த்தேன். ரோஸ் நிறத்தில் ஒரு சின்னப் பை. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சிஸ்டர் பையைக் கழற்றிவிட்டு, "அவ்ளோதான்மா" என்றார். கையில் உள்ள நரம்பில் ஏற்றிய அந்த செல்கள், யாரும் வழி சொல்லாமல் தாங்களே எலும்புக்குள் போய்ச் சேர்ந்துகொள்ளுமாம். ஜூன் மாதம் முதல் நாள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கூட நாம் கை பிடித்துத்தான் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டியிருக்கிறது!

அடுத்த 10 நாளைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. வாந்தி, பேதி, சாப்பாட்டைப் பார்த்தாலே பயம். வெள்ளை அணுக்கள் 100-க்கு இறங்கின. நமக்கெல்லாம் 4,000-க்கு மேல் இருக்க வேண்டியது. தட்டணுக்கள் ஒன்றரை லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் 9,000. அப்போது இரண்டு முறை எனக்காகத் தட்டணு கொடுத்தவர்கள் இருவரும் என் பழைய மாணவர்கள். ஒருவர் பெருங்களத்தூரில் ஆட்டோ ஓட்டுகிறார். இன்னொருத்தி மெப்ஸில் வேலை பார்க்கிறாள். ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்து, இயந்திரத்தில் கையை நீட்டிப் படுத்திருக்கிறாள். எனக்கு அது மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும்.

12-ஆம் நாள் அணுக்கள் ஏறத் தொடங்கின. செப்டம்பர் 4-ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். எல்லோரும் "முடிஞ்சுது, வீட்டுக்கு வந்தாச்சு" என்றார்கள். உண்மையில் அன்றுதான் ஆரம்பம்.

டிஸ்சார்ஜ் தாளோடு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். காய்ச்சிய தண்ணீர்தான். எல்லாம் சுடச்சுட வேகவைத்தது. பச்சைக் காய்கறி, தேங்காய்ச் சட்னி, கடைத் தயிர், தோலோடு தின்னும் பழம் எதுவும் கூடாது. பூ கூடாது. பூந்தொட்டி வீட்டுக்குள் கூடாது. புறா எச்சம் இருக்கும் பக்கம் போகக் கூடாது. வீடு இடிக்கும் இடத்துத் தூசி கூடாது. மண்ணிலும் தூசியிலும் இருக்கும் பூஞ்சை உங்களையும் என்னையும் தினமும் தொடுகிறது. உங்களை ஒன்றும் செய்யாது. எனக்கு அது நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் 100.4 தொட்டால் ராத்திரி எந்த நேரமானாலும் உடனே ஆஸ்பத்திரி.

27-ஆம் நாள் ராத்திரி 2 மணிக்குத் தொட்டது. ஜி.எஸ்.டி. ரோடு காலியாக இருந்ததால் முக்கால் மணியில் போய்ச் சேர்ந்தோம். 3 நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்றி அனுப்பினார்கள். அன்றிலிருந்து என் கணவர் ஒரு கோடு போட்ட நோட்டில் காலை, மாலை காய்ச்சல், எடை, மாத்திரை எல்லாம் எழுத ஆரம்பித்தார். வருகைப் பதிவேடு போல. அந்த நோட்டு இப்போது நான்காவது.

நான் வீட்டுக்கு வந்த மறுநாள் ஆசிரியர் தினம். அந்த நாளில் பழைய பிள்ளைகள் சிலர் வருவது வழக்கம். என் கணவர் ஒரு அட்டையில் எழுதி கேட்டில் தொங்கவிட்டார்: "சளி, காய்ச்சல் இல்லாதவர்களும் வெளியே நின்றே பேசவும்." எங்கள் உறவில் ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு, "என்னையே வாசல்ல நிக்க வைக்கிறீங்களா?" என்று கோபித்துக்கொண்டு போனார். ஆனால் அன்று சாயங்காலம் வந்த 11 பிள்ளைகளும், பிள்ளைகள் என்ன, ஒருவனுக்குத் தலையே நரைத்துவிட்டது, தெருவிலேயே நின்றார்கள். பூ இல்லை, ஸ்வீட் இல்லை. நான் முகக்கவசம் போட்டு, மொட்டைத் தலையில் துணி கட்டி, வராண்டாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஒன்று நடந்தது. எதிரில் நிற்கும் பையனைத் தெரிகிறது. எந்த பெஞ்சில் உட்கார்ந்தான், எந்த வாய்ப்பாட்டில் திணறினான், எல்லாம் தெரிகிறது. பெயர் வரவில்லை. அடுத்தவள் பெயரும் வரவில்லை. மருந்தின் விளைவு அது, சில மாதம் மறதி இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஒரு ஆசிரியைக்குப் பிள்ளைகளின் பெயர் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? நான் வாயைத் திறந்து திறந்து மூடுவதை அந்த ஆட்டோக்காரப் பிள்ளை கவனித்துவிட்டான். சத்தமாகத் தன் பெயரைச் சொல்லி, "உள்ளேன் டீச்சர்" என்றான். அடுத்தவள் தன் பெயரைச் சொல்லி, "உள்ளேன் டீச்சர்." இப்படி 11 பேரும். எதிர்வீட்டு அம்மா என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். 10 நிமிடம்தான். போய்விட்டார்கள். யாரும் கேட்டைத் தொடக்கூட இல்லை.

அன்பு காட்டுவது என்றால் பக்கத்தில் வருவது என்றுதான் நமக்குப் பழக்கம். சாவு வீடோ கல்யாண வீடோ ஆஸ்பத்திரியோ, கூட்டமாகப் போய் நிற்போம். கையைப் பிடிப்போம், ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுப்போம், திருநீறு பூசுவோம். அது நம் குணம், நல்ல குணம். ஆனால் மாற்று சிகிச்சை முடிந்தவர்களுக்குத் தூரமாக நிற்பதுதான் மருந்து. அதைப் புரிந்துகொண்டு நின்றவர்களால்தான் நான் இன்று இதைத் தட்டச்சு செய்கிறேன்.

எங்கள் ஊருக்கு இது புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தாம்பரம் சானடோரியம் என்று தினமும் ரயிலில் கேட்கிறோமே, அந்தப் பெயர் காசநோயாளிகள் தங்கித் தேற டாக்டர் சௌரி முத்து 1928-இல் தொடங்கிய மருத்துவமனையால் வந்தது. மருந்து கண்டுபிடிக்காத காலம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, ஒதுங்கி இருத்தல், இவைதான் வைத்தியம். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தப் பக்கம் பஸ் போனால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள் இருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் மாதக்கணக்கில் எப்படி நாளைத் தள்ளியிருப்பார்கள் என்று என் வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் யோசித்தேன். பிறகு மருந்து வந்தது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், சானடோரியத்தில் வைத்துப் பார்த்தவர்களையும், அதே மருந்தை வீட்டில் இருந்தே சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. சின்ன வீடு, போதாத சாப்பாடு என்று இருந்தாலும், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் வீட்டிலேயே அதே அளவு தேறினார்கள். உலகம் முழுக்க காசநோய் சிகிச்சையை மாற்றியது நம் சென்னையில் நடந்த இந்த ஆய்வு. நோய் வேறுதான். ஆனால் ஒழுங்குதான் வைத்தியம் என்பது எனக்கும் பொருந்தியது.

இப்போது மனதுக்குக் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருடம் என் மகள் முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். நான் மாற்று சிகிச்சைக்குத் தேதி வாங்கியபோது அவளுக்கு ஏழாவது மாதம். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குரோம்பேட்டையில் இருக்கும் சம்பந்தி அம்மாதான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். செப்டம்பரில் வளைகாப்பு நடந்தது. நான் செல்போனில் பார்த்தேன். தாய் வளையல் போட வேண்டிய நேரத்தில் அவர் போனைப் பார்த்து, "உங்க பங்குக்கும் நானே போட்டுடறேன் சம்பந்தி" என்று சொல்லி இன்னொரு முறை போட்டார். எத்தனை சீர் செய்தாலும் இந்தக் கடன் தீராது.

அக்டோபர் 12-இல் பேரன் பிறந்தான். இரண்டு ஸ்டேஷன் தூரம். நான் போகவில்லை. அவர்களும் வரவில்லை. தினமும் ராத்திரி 8 மணிக்கு வீடியோ கால். குழந்தைக்கு என்ன வாசனை என்று போனில் தெரியாது.

நவம்பர் 25-இல் 100 நாள் முடிந்தது. மஜ்ஜைப் பரிசோதனை, புரதப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். நோயின் தடயம் தெரியவில்லை என்று வந்தது. டாக்டர் உடனே சொன்னார்: "அம்மா, போயிடுச்சுன்னு நான் சொல்லல. அடங்கியிருக்கு. அடங்கியே இருக்க மாத்திரை தொடரணும்." மைலோமாவில் அப்படித்தான். இதை நான் மறைக்க விரும்பவில்லை. இதே நோயோடு இருப்பவர்கள் இந்தப் பதிவைப் படித்துத் தவறான நம்பிக்கை கொள்ளக் கூடாது, அவநம்பிக்கையும் கூடாது. அடங்கியிருக்கும் ஒவ்வொரு வருடமும் முழு வருடம்தான்.

100 நாள் முடிந்ததும் பேரனைக் கொண்டுவருவதாக இருந்தது. அதற்குள் மிக்ஜாம் புயல். எங்கள் வீடு முடிச்சூர் பக்கம். 2015-இல் அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்ததை மறந்தவர் யாரும் இங்கே இல்லை. டிசம்பர் 3-ஆம் தேதியே என் கணவர், "சாமானைப் பாத்துக்கலாம், நீ முதல்ல கிளம்பு" என்று சேலையூரில் என் தம்பியின் மாடி வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். மறுநாள் எங்கள் ஹாலில் முழங்கால் தண்ணீர். மற்றவர்களுக்குத் தண்ணீர் வடிந்ததும் பிரச்சினை முடிந்தது. எனக்கு வடிந்த பிறகுதான் பிரச்சினை. ஈரச் சுவரில் பூஞ்சை. கழுவி, உலர்த்தி, சுண்ணாம்பு அடித்து, நெடி போய், டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஆறு வாரத்துக்கு மேல் தம்பி வீட்டில் இருந்தேன். அந்த வீட்டில் தம்பி மனைவி எனக்கென்று தனிப் பாத்திரம், தனிக் குக்கர். ஒரு நாள் கூட முகம் சுளிக்கவில்லை.

அங்கேதான், 2024 பொங்கல் அன்று, பேரனை முதலில் தூக்கினேன். மூன்று மாதம். தலை நின்றுவிட்டது. டாக்டர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "தாராளமா தூக்குங்க. டயப்பர் மட்டும் நீங்க மாத்தாதீங்க." குழந்தைக்குக் கொடுக்கும் போலியோ சொட்டு மருந்தில் வலுவிழந்த உயிருள்ள வைரஸ் இருக்கிறது. சில வாரம் அது மலத்தில் வெளியேறும். குழந்தைக்கு அது பாதுகாப்பு, என்னைப் போன்றவர்களுக்கு ஆபத்து. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போலியோ முகாம் ஞாயிறுகளில் எங்கள் பள்ளி வாசலில் உட்கார்ந்து எத்தனை ஆயிரம் குழந்தைகளின் வாயில் சொட்டு விடுவதைப் பார்த்திருப்பேன், எத்தனை சுண்டு விரலில் மை வைத்திருப்பேன். 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று வந்தபோது பிரேயரில் பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னவள் நான்.

இன்னொரு வேடிக்கை. மெல்ஃபலான் அழித்ததில், நான் சின்ன வயதில் போட்டுக்கொண்ட தடுப்பூசிகளின் நினைவும் உடம்பிலிருந்து அழிந்துபோகிறது. மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். 2024 பிப்ரவரியில் ஆரம்பித்தேன். நிமோகாக்கல், தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ், மஞ்சள் காமாலை, ஊசியாகப் போடும் போலியோ. எனக்கும் பேரனுக்கும் கிட்டத்தட்ட ஒரே அட்டவணை. அவன் ஊசிக்கு அழுதான். நான் சும்மா இருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். தட்டம்மை ஊசி உயிருள்ள வகை என்பதால் எனக்கு இன்னும் போடவில்லை. அதில் பேரன் என்னை முந்திவிட்டான்.

சரி, "எத்தனை நாள்ல சரியாச்சு?"

அப்படி ஒரு நாள் இல்லை. ரசத்தில் புளிப்பு தெரிந்தது 40-ஆம் நாள் வாக்கில். அதுவரை எல்லாம் துரு மாதிரி ருசித்தது. தலையில் முடி தெரிந்தது மூன்றாம் மாதம். உட்கார்ந்து எழுந்திருப்பதே மலை ஏறுவது போன்ற அசதி, ஐந்தாம் மாதம் வரை. தூங்கி எழுந்தாலும் தீராத அசதி அது, சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். நாளிதழை ஒரே மூச்சில் படித்து முடித்தது ஏழாம் மாதம். தெருக்கோடி வரை தனியாக நடந்தது எட்டாம் மாதம். பிள்ளைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒன்றிரண்டு இன்னும் வரவில்லை. பார்க்கும்போது நீங்களே சொல்லிவிடுங்கள்.

கடைசியாகச் சில வேண்டுகோள்கள். பழைய பழக்கம், எண் போட்டுத்தான் வரும்.

1. வயதானவர்களுக்கு விடாத முதுகு வலியும் ரத்தசோகையும் சேர்ந்து இருந்தால், தைலத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

2. உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்தச் சிகிச்சை நடந்தால், நோயாளியைவிட அவரைப் பார்த்துக்கொள்பவரைக் கேளுங்கள், "சாப்பிட்டீங்களா?" என்று. என் கணவர் அந்த வருடம் 6 கிலோ குறைந்தார். நான் 8 கிலோ.

3. தட்டணு தானம் கொடுங்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். சில நாளில் உடம்பு மறுபடி உற்பத்தி செய்துகொள்ளும்.

4. இளையவர்கள், ஸ்டெம் செல் கொடையாளராகப் பெயர் பதிவு செய்யுங்கள். சென்னையில் 2009-இல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவகங்கள் இருக்கின்றன. கன்னத்தின் உட்புறம் பஞ்சால் துடைத்து எடுத்தால் போதும். உடன்பிறந்த ஒருவரின் செல் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். மற்றவர்கள் முகம் தெரியாத ஒருவரை நம்பித்தான் காத்திருக்கிறார்கள்.

5. பார்க்க வராதீர்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கேட்டுக்கு வெளியே நின்று பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்.

அந்த அட்டையைப் படித்துக் கோபித்துக்கொண்டு போன பெரியவர் போன மாதம் வந்தார். உள்ளே வந்து காபி சாப்பிட்டார். அட்டையை எடுத்துவிட்டோம்.

நாளை காலை வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை. சீக்கிரம் படுக்க வேண்டும். பின்னூட்டங்களுக்கு நாளை மறுநாள் பதில் எழுதுகிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்.